பதினொன்று பத்துக்கு ஒரு செல்ஃபி

“ஐயோ... மாமா!”

அலறல் கேட்டு அச்சகத்தின் மெஷின் நின்றது.

கண்ணாடி அறைக்குள், நாற்காலியில் சாய்ந்து கிடந்தார் முதலாளி. கண்கள் மூடி... உதடுகள் நீலம் பாரித்து...

பக்கத்தில் நின்றார் அவருடைய மருமகன்!

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டரம்மா வந்து இறங்கினார்.

டாக்டர் பிணத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “குஷனை முகத்துல வச்சு அமுக்கியிருக்காங்க மேடம். பத்தரைக்கு மேல, பதினொன்றரைக்குள்ள.”

அந்த நேரத்தில் அறைக்குள் போனது இரண்டே பேர். 10.50 வரை தொழில் பார்ட்னர். 11.20க்கு மருமகன்.

“நான் கிளம்பறப்ப அண்ணன் குட்டித் தூக்கம் போட்டுட்டிருந்தார்,” என்றார் செய்தி கேட்டுத் திரும்பி வந்திருந்த பார்ட்னர், காய்ந்த கண்ணைக் கைக்குட்டையால் துடைத்தபடி.

“நான் எழுப்பினேன் மேடம்... தலை அப்படியே சாஞ்சிடுச்சு!” என்றார் மருமகன்.

“மேடம்... எங்ககிட்ட போட்டோ இருக்கு!”

ரிசப்ஷன் பெண். இன்றைக்கு அவளுக்குப் பிறந்த நாள். 11.10க்கு, கண்ணாடி அறைக்கு முன்னால் கேக் வெட்டி, அவளும் மெஷின்காரரும் ஆளுக்கொரு செல்ஃபி எடுத்திருந்தார்கள். பின்னணியில் முதலாளி!

“என்னோடது சீனா ஆப் மேடம். கன்னம் ரோஸ், உதடு சிவப்பு... சார் சுகமா தூங்கறார் பாருங்க!”

“சீனாக்காரனை நம்பாதீங்க மேடம். எந்நேரமும் வேவு பாப்பான்,” என்றார் மெஷின்காரர். “என்னோடது அமெரிக்கா. சார் கண்ணைத் தொறந்து நம்மளையே பாக்கறார்!”

“உங்க அமெரிக்காக்காரன் ரொம்ப யோக்கியனாண்ணே? செருப்பு வாங்கணும்னு அக்காகிட்ட வாயாலதான் சொன்னேன். மறுநாள் பூரா செருப்பு விளம்பரம்!”

பார்ட்னர் குறுக்கே புகுந்தார். “எதை நம்பினா என்னம்மா? ரெண்டுலயும் அண்ணன் உயிரோடதானே இருக்கார்? நான் போய் இருபது நிமிஷம் கழிச்சு!”

கான்ஸ்டபிள் விலங்கோடு மருமகனை நெருங்கினார். மருமகனின் சட்டைப் பையில் போன் அலறியது.

“என் வீட்டுக்காரி மேடம். இப்பத்தான் அப்பாவைப் பறிகொடுத்திருக்கா... நானும் உள்ள போயிட்டா...”

“இருய்யா கான்ஸ்டபிள், அவசரப்படாதே!”

இன்ஸ்பெக்டரம்மா இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு படத்திலும் சுவர்க் கடிகாரம் 11.10.

“ஒரே நிமிஷம். ஒண்ணுல தூங்கறார், ஒண்ணுல முழிச்சிருக்கார். ஒரே ஆள்! எப்படி?”

இன்ஸ்பெக்டரம்மா கண்ணாடி அறையைக் காட்டினார்.

“ரெண்டு பேரும் மறுபடி அங்கேயே நில்லுங்க. அதே மாதிரி செல்ஃபி எடுங்க.”

“மேடம்... பின்னாடி பொணம் இருக்கு!”

“அதனாலதான் சொல்றேன். எடு!”

க்ளிக்! சீனா போனை வாங்கிப் பார்த்தார் இன்ஸ்பெக்டரம்மா. பிணத்துக்கு ரோஜாக் கன்னம்! உதட்டில் பளிச்சென்று லிப்ஸ்டிக்!

க்ளிக்! அமெரிக்கா போனை எட்டிப் பார்த்த கான்ஸ்டபிள் துள்ளிக் குதித்தார்.

“அம்மாடி! முழிச்சுக்கிட்டார் மேடம்!”

நாற்காலியில் கண்கள் மூடியேதான் இருந்தன. படத்தில் மட்டும் அகலத் திறந்து...

“இது பூசி விடுது. அது கண்ணைத் தொறந்து விடுது. அதாவது பதினொன்று பத்துக்கு சார் உயிரோட இருந்தார்ங்கறதுக்கு சாட்சியே இல்லை!” இன்ஸ்பெக்டரம்மா திரும்பினார். “ஏம்மா, இங்க நின்னு போட்டோ எடுக்கச் சொன்னது யாரு?”

“பார்ட்னர் சார்தான். கிளம்பறப்ப... ‘அண்ணனை எழுப்பாதீங்க. ஆனா பின்னாடி அவரும் தெரியணும்’னு சொன்னார். இந்த ஆப்பே போன வாரம் அவர் போட்டுக் கொடுத்ததுதான். மெஷின் அண்ணனுக்கு அந்த அமெரிக்கா ஆப்பும்...”

பார்ட்னர் வாசலுக்குப் பாய்ந்தார்!

கான்ஸ்டபிள் காலை நீட்டினார். தொபுக்கடீர்!

விலங்கு மணிக்கட்டு மாறியது. மருமகன் போனைக் காதில் வைத்து, “வரேம்மா... வீட்டுக்கு வரேன்...” என்று தேம்பினார்.

“கடைசியில எதைத்தான் மேடம் நம்பறது? சீனாவா, அமெரிக்காவா?” என்றார் கான்ஸ்டபிள்.

“நல்லவேளை, ரெண்டும் ஒரே போன்ல இல்ல. இருந்திருந்தா சார் எழுந்து வந்து கேக் கேட்டிருப்பார்!”

வாசலில் பத்திரிகைக்காரர்கள் கூடிவிட்டார்கள். “மேடம், குற்றவாளியோட ஒரு போட்டோ!”

“உங்க கேமரா வேணாம்,” தொப்பியைச் சரிசெய்தார் இன்ஸ்பெக்டரம்மா. “ஏம்மா பர்த்டே பொண்ணு... அந்தச் சீனா போனைக் கொண்டா!”