பூஜ்யத்துக்கு முன்னால் ஒரு கோடு

காலையில் எழுந்து உடம்பு எப்படி இருக்கிறது என்று உடம்பைக் கேட்கிற வழக்கம் தூத்துக்குடியில் ஒழிந்து பல வருடமாகிறது. சுவரில் இருக்கும் திரையைத்தான் கேட்போம். அன்றும் கேட்டோம். "இசக்கிராஜ், நலம். பணிக்குச் செல்லலாம்" என்றது. என் கணவர் இசக்கிராஜ் அப்போது சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் நடுங்கின. நான்தான் போட்டுவிட்டேன். திரைக்கு அதெல்லாம் தெரியாது. அது அவரைப் பார்ப்பதில்லை. அவருடைய உடற்கோப்பைப் பார்க்கிறது.

எங்கள் ஒவ்வொருவரின் நரம்பும் ஈரலும் நுரையீரலும் மூலக்கூறு மூலக்கூறாகப் பதிவாகி நலவாரியத்தின் கணினியில் கிடக்கின்றன. புதிதாக ஒரு சாயமோ பூச்சோ வந்தால் முதலில் அதை அந்தக் கோப்புக்குள் அவிழ்த்துவிடுவார்கள். இதற்கு மூலக்கூறு ஒத்திகை என்று பெயர். பழைய ஆட்கள் சிமுலேஷன் என்பார்கள். கோப்பில் ஒட்டாத விஷம் உடம்பிலும் ஒட்டாது. அதுதான் சட்டம். அதற்குப் பிறகும் நோய் என்று புலம்புகிறவன் 'பொய்நோயாளி'. பொய்நோயாளி என்று முத்திரை விழுந்தால் எந்த ஆஸ்பத்திரிக் கதவும் அவனுக்குத் திறக்காது.

இவர் கப்பல் அடிப்பாகத்துக்குப் பூச்சு அடிக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். புதுப் பூச்சு வந்த பிறகுதான் நடுக்கம். புகார் கொடுத்தோம். அன்று விசாரணை. முத்திரை விழுமா விழாதா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் இருவருக்கும் எதிரே விசாரணை அதிகாரி ஜெயசீலன் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிணைப்பு ஆற்றல் பூஜ்யம்னு இருக்கு மேடம். பூச்சு உங்க வீட்டுக்காரர் நரம்புல ஒட்டவே இல்ல. அப்புறம் கை எப்படி நடுங்கும்?"

"அவுக கையப் பிடிச்சுப் பாத்துட்டுக் கேளுங்க சார்."

"கையெல்லாம் சாட்சி கிடையாது."

நானும் ஒரு காலத்தில் உரக் கம்பெனியில் ஒத்திகை ஓட்டியவள்தான். அனுமதி கேட்காமல் அவருடைய திரையை என் பக்கம் திருப்பினேன். அந்த வரியில் −0.000 என்று இருந்தது.

"இது வெறும் பூஜ்யமில்ல சார். முன்னால ஒரு கோடு நிக்குது பாருங்க."

"மைனஸ் பூஜ்யமும் பூஜ்யந்தான். ஸ்கூல் பிள்ள சொல்லும்."

"பிள்ள சொல்லும், மெஷின் சொல்லாது. மைனஸ்னா ஒட்டுதுன்னு அர்த்தம். எவ்வளவு ஒட்டுதுங்கிறது புள்ளிக்கு அப்புறம் நாலாவது எடத்துலயோ அஞ்சாவது எடத்துலயோ இருந்திருக்கு. நீங்க மூணு எடத்தோட வெட்டிட்டீங்க. எண்ணு போயிட்டு. குறி மட்டும் மிச்சம்."

"மூவிலக்க விதி மேடம். கோடிக்கணக்கான ஜனத்துக்கு அத்தன இலக்கத்தையும் வச்சுக்க எடம் எங்க இருக்கு?"

"எடம் இல்லியா, மனசு இல்லியா? ஒரு மூலக்கூறுக்கு அது துளிதான். நாள் பூரா இவுக மூச்சுல எத்தன போகுதுன்னு யோசிச்சீங்களா? திரும்ப ஓட்டுங்க. ஆறு எடம் எழுதச் சொல்லுங்க."

"மூணுக்கு மேல எழுதுறது குற்றம். உங்களுக்கே தெரியும்."

பிறகு அவர் திரையைத் தன் பக்கம் திருப்பினார். அந்த வரியைப் பெரிதாக்கிப் பார்த்தார். முதல் தடவையாக இவருடைய கைகளையும் பார்த்தார். "நீங்க சொல்றது சரிதான். கோப்புல தப்பு இருக்கு. மேலிடத்துக்கு எழுதுறேன். மதியத்துக்கு மேல வாங்க" என்றார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். சும்மா இருந்தேனா? வெளியே கூடத்தில் விசாரணைக்குக் காத்திருந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். எல்லோரும் போனில் தங்கள் கோப்பைத் திறந்தார்கள். "எனக்கும் கோடு இருக்கு!" என்று முதலில் கத்தியவள் முத்துப்பேச்சி, கப்பலில் துரு சுரண்டுகிறவள், மூச்சு விடவே சிரமப்படுகிறவள். அப்புறம் இங்கே ஒன்று, அங்கே ஒன்று. பாதிக் கூடம் எழுந்து நின்றது. இத்தனை நாள் தங்களைத் தாங்களே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவர்கள் அதிகாரியின் கதவை முறைத்தார்கள்.

மதியம் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் ஒலித்தன. "மனுதாரர் ஒருவரின் புகாரின்பேரில் எழுத்துமுறைப் பிழை திருத்தப்பட்டது. பூஜ்யத்துக்கு முன் தவறுதலாக இடம்பெற்ற குறி அனைத்துக் கோப்புகளிலிருந்தும் நீக்கப்பட்டது."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "என்ன சார் அநியாயம் இது? மனுசன்தானா நீங்க?"

"தப்பு இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க? சரி பண்ணியாச்சு." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "இப்ப சுத்தமான பூஜ்யம். உங்க வீட்டுக்காரர் மேல முத்திரை போட்டாச்சு. அடுத்த ஆள வரச் சொல்லுங்க."

"வெட்டுறதுக்கு முந்தின முழு எண்ணு எங்க சார்?"

"அப்படி ஒண்ணு சேமிக்கவே இல்ல மேடம்."

அவரைக் கொல்லலாம் போலிருந்தது. வெளியே வந்தால் முத்துப்பேச்சி வழிமறித்து நின்றாள்.

"அடுத்து எனக்குத்தான் விசாரண. காட்டுததுக்கு அந்த ஒரு கோடுதான் இருந்துச்சு. அதையும் அழிச்சுட்டியே! ஒன்ன யாருட்டி வாயத் தொறக்கச் சொன்னா?"

அவள் கேட்டது நியாயம். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் நெருங்கினார்கள். ஒருவர் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். இவர் நடுவே புகுந்து, "அவள விடுங்க, அவள விடுங்க" என்று இரண்டு கையையும் விரித்துத் தடுத்தார். கைகள் தோள் வரைக்கும் ஆடின.

"போதும், நடிக்காதேயும்வே!" என்று ஒரு குரல் கத்தியது. "கோப்புல பூஜ்யம்னுலா போட்டிருக்கு."

கத்தியவர் இவரோடு அதே பட்டறையில் பூச்சு அடிப்பவர். இவரை நோக்கி அவர் நீட்டிய விரலும் ஒரு இடத்தில் நிற்கவில்லை.