அடைத்த சூளையின் முகவரி

பட்டியலில் ஒரு முகவரி அதிகமாக இருந்தது.

பீங்கான் கம்பெனியின் இணையதளத்தில் அதைப் பார்த்துக்கொள்ளும் வேல்விழி போட்ட சப்டொமைன் எனும் கிளை முகவரிகள் இரண்டுதான்: மெயிலுக்கு ஒன்று, ஆர்டருக்கு ஒன்று. மறைந்திருக்கும் கிளைகளையும் மென்பொருள் ஓட்டைகளையும் துழாவும் கருவியைக் கறுப்புத் திரையில் ஓடவிட்டதும் மூன்றாவதாகச் ‘சூளை’ என்று வந்தது.

அன்று ஆயுத பூஜை. படைத்த எதையும் மறுநாள்வரை தொடக்கூடாது என்று எல்லோரும் பொரிப் பொட்டலத்தோடு மதியமே கிளம்பியிருந்தார்கள். மெஷின்கள் ஓய்ந்த கொட்டகையில், வாசலில் கட்டிய வாழைக்கன்று தகரத்தில் உரசும் சத்தமும், அணையப்போகும் ஊதுபத்தியின் புகையும், அதற்கடியில் ஈரக் களிமண் வாடையும் கலந்து அவளைச் சுற்றி நின்றன. மானிட்டரில் வைத்த சந்தனம்கூடக் காயவில்லை.

முதலாளி குருமூர்த்திக்குப் போன் போட்டாள்.

“சார், ‘சூளை’ன்னு ஒரு முகவரி இருக்குதுங்க. நீங்க போடச் சொன்னீங்களா?”

அவர் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவிச் சத்தம் சட்டென்று நின்றது.

“பூஜ நாளுல எதுக்கு அத நோண்டுற? மூடிட்டு வூட்டுக்குப் போம்மா.”

அவள் மூடவில்லை. அவளுடைய அண்ணன் அறிவழகன் இங்கே சூளை அடைக்கிறவன். வாசலில் செங்கல் அடுக்கி மண் பூசியதும், அடைத்தவன் வெளிப்பக்க ஈரத்தில் உள்ளங்கையைப் பதிக்க வேண்டும். போன வருஷம் பழைய சூளையை அடைத்த அன்றிலிருந்து அவனைக் காணோம். “வாசல்ல கை பதிஞ்சிருக்குது. வேலைய முடிச்சிட்டுத் திருப்பூருக்கு ஓடிட்டான்” என்றார் குருமூர்த்தி. அந்தச் சூளையைப் பிறகு திறக்கவே விடவில்லை. தங்கைக்கு வேலையும் கொடுத்தார், பெரிய மனசு. அம்மா இன்னும் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்கிறாள்.

கருவி ஓர் ஓட்டையைக் காட்டியது. அதன் வழியே நுழைந்தாள்.

கேமரா படம் ஒன்று விரிந்தது. இருட்டு. கரி படிந்த செங்கல். பழைய சூளையின் அடைத்த வாசல், உட்பக்கம். அதற்குள் யாரும் கேமரா வைத்ததாக அவளுக்குத் தெரியாது.

அங்கே ஒரு கை பதிந்திருந்தது. நான்கே விரல். பிரஸ் மெஷினில் மோதிர விரலைப் பறிகொடுத்தவன் அறிவழகன்.

வெளிப்பக்கம் பதிந்திருக்கும் கைக்கு ஐந்து விரல். தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்கு வந்தாள். ஒரு நாளாவது எண்ணிப் பார்த்தாளா?

படத்தில் மண் ஈரமாக மின்னியது. பக்கத்தில் இன்னொரு கை பதிந்தது. அப்புறம் இன்னொன்று. கேமராவை நோக்கி.

படம் கறுத்தது. களிமண் வாடை மூக்கை அடைத்தது.

சந்தனப் பொட்டுக்கு நேர் பின்னால், மானிட்டர் கண்ணாடியின் உட்பக்கத்தில், மெல்ல அழுந்தியது ஈரமான ஓர் உள்ளங்கை. நான்கு விரல்.