நாக்கில் ஒட்டிய ஓப்பல்

காலையிலிருந்து ஆறு சொம்பு தண்ணீர் குடித்திருந்தும் விமலாராணி ஒருமுறைகூடப் பாத்ரூம் போகவில்லை. ஏழு மாதக் கர்ப்பிணிக்கு இது நடக்கிற காரியமா? போன வாரம் வரை அரை மணிக்கொரு தரம் எழுந்து நடந்து, "பேசாம பாத்ரூம்லயே கட்டிலைப் போட்டுக்கறேனுங்க" என்று புருஷனிடம் அலுத்துக்கொண்டவள் அவள். இன்று சனிக்கிழமை, மணி பதினொன்றாகிவிட்டது. சன்னல் வெயில் மெருகு மெஷின்மேல் விழுந்து அதன் எண்ணெய் வாடையை அறை முழுக்கக் கிளப்பியது, தெருமுனையில் சிங்காநல்லூர் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக முனகிக்கொண்டு திரும்பின, அவளுக்கோ தொண்டைக்குள் யாரோ மணலைக் கொட்டியதுபோல் இருந்தது.

காரணம் அவளுக்குத் தெரியும். தெரியும் என்று ஒப்புக்கொள்ளத்தான் பயமாக இருந்தது.

வீட்டிலேயே கல் தேய்த்து மெருகு போடுகிற தொழில் அவளுடையது. எட்டு வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை, கல் தூசி ஆகாது, பிரசவம் முடிகிற வரை மெஷினைத் தொடவேண்டாம் என்று புருஷன் அமிர்தராஜ் கெஞ்சியிருந்தான். மோட்டார் பம்ப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். சத்தத்திலேயே பிழைப்பு நடத்துவதாலோ என்னவோ, வீட்டில் குரல் உயர்த்தியதே கிடையாது. அவளும் சரியென்று தலையாட்டினாள். போன வாரம் வியாழக்கிழமை, கல் வியாபாரம் செய்கிற சாயிரா பானு வந்து பொட்டலத்தைப் பிரித்துக் காட்டியதும் அந்தத் தலையாட்டலெல்லாம் காற்றில் போய்விட்டது.

பத்தொன்பது ஓப்பல் ரத்தினக் கற்கள். சும்மா பார்த்தால் பால் கலங்கியதுபோல ஒரு வெள்ளை. லேசாகத் திருப்பினால் உள்ளே பச்சை ஓடியது, பச்சைக்குப் பின்னால் ஆரஞ்சு, அதற்கும் அடியில் எங்கோ ஒரு சிவப்புக் கனல். வைரம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அவ்வளவுதான். இது வெளிச்சத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு விளையாடும். அதனால்தான் ஓப்பலுக்கு விலை சொல்கிற வியாபாரி கல்லைப் பார்ப்பதில்லை, வாங்க வந்தவர் முகத்தைப் பார்க்கிறார்.

"எத்தியோப்பியாக் கல்லுங்க. மலைச்சரிவுல பொந்து போட்டு உள்ள ஊர்ந்து போயி எடுக்கறாங்களாமா. மண்ணு சரிஞ்சு மூடிக்கிட்டா அவ்வளவுதானாமா" என்றாள் சாயிரா பானு. "இதுல சிலது தண்ணி குடிக்கும் கண்ணு. அதை மட்டும் தனியா பிரிச்சு வெச்சுப்போடுங்க."

பிரிக்கிற வழி எல்லாக் கல் வேலைக்காரர்களுக்கும் தெரிந்ததுதான். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் குடிக்கிற கல் எச்சிலை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். பதினெட்டை முடித்துவிட்டுக் கடைசிக் கல்லை வைத்தாள், பட்டாணி அளவு. அது ஒட்டிய வேகத்தில் நாக்கே சுருங்கிப்போனது. விரலால் நெம்பி அது விடுபட்ட நொடியில், வயிற்றுக்குள் பிள்ளை ஓங்கி ஓர் உதை விட்டது. திடுக்கிட்டதில் அவள் கல்லை விழுங்கிவிட்டாள்.

தானாக வெளியே போய்விடும் என்று நினைத்தாள். சாயிரா பானுவிடம், ஒன்று எங்கேயோ உருண்டுவிட்டது, தேடித் தருகிறேன் என்று போனில் சொன்னாள். அமிர்தராஜிடம் மூச்சு விடவில்லை. எந்த வாயால் சொல்வாள்?

அந்தச் சனிக்கிழமை மத்தியானமே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ராமாமணி வயிற்றில் கருவியை வைத்து நகர்த்திக்கொண்டே போனவர் நெற்றியைச் சுருக்கினார்.

"பனிக்குடத்துல தண்ணி ரொம்பக் கம்மியா இருக்குங்க அம்மணி. தண்ணியே குடிக்கறதில்லீங்களா?"

"கொடம் கொடமா குடிக்கறாளுங்க டாக்டர்" என்றான் அமிர்தராஜ்.

"ஒரே வாரத்துல நாலு கிலோ ஏறியிருக்குது. வீக்கமும் இல்ல. அந்தத் தண்ணியெல்லாம் எங்க போகுது?"

விமலாராணி திரையைப் பார்த்தாள். தண்ணீர் இருக்க வேண்டிய இடம் கறுப்பாகத் தெரியும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கறுப்பு அநேகமாக இல்லை. பிள்ளையின் சின்னக் கை மூடியிருந்தது. விரல் இடுக்கில் ஒரு புள்ளி, பட்டாணி அளவு, பளிச்சென்று. இரைப்பைக்குள் போனது அங்கே எப்படி வரும்? டாக்டர் கருவியை நகர்த்திவிட்டார். பக்கத்தில் அமிர்தராஜ் வாயைத் திறந்தபடி பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் சொல்ல நினைத்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுச் சொல்ல முடியவில்லை. அதற்காக அவள் தன்னை மன்னிக்கவே போவதில்லை.

அன்றைக்கே அங்கேயே படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் அமிர்தராஜ் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். நர்ஸ் மெர்சி வந்து பாட்டிலை அண்ணாந்து பார்த்தாள்.

"இப்பத்தானுங்க்கா மாட்டுனேன். அதுக்குள்ள தீந்துபோச்சா?"

புதிய பாட்டில். சொட்டுச் சொட்டாக விழ வேண்டியது கம்பியாக இறங்கியது. அதுவும் தீர்ந்தது. இன்னொன்று. விமலாராணி புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. டாக்டர் வந்தார், கையைப் பிடித்தார், அவர் முகம் மாறியது.

"இனிக் காத்திருக்க வேண்டாமுங்க. பன்னெண்டு மணிக்கு ஆபரேஷன் பண்ணி எடுத்தரலாம். துடிப்பு நல்லாத்தான் இருக்குது."

மணி பதினொன்று நாற்பது. இருபதே நிமிஷம். எட்டு வருஷம் காத்திருந்தவளுக்கு இருபது நிமிஷம் பெரிதா? மெர்சி தியேட்டரைத் தயார் செய்ய ஓடினாள். கதவு மூடியது.

"ஒடம்பு கொதிக்குதே அம்மணி" என்று அமிர்தராஜ் துண்டை நனைத்துப் பிழியாமலே அவள் வயிற்றின்மேல் விரித்தான்.

குளிர்ச்சி வரவில்லை. துண்டின் ஓரம் ஈரம் வற்றி வெளுத்தது. நடுவும் வெளுத்தது. கஞ்சி போட்ட துணிபோல விறைத்தது. அவன் அதைத் தூக்கியதும் சன்னல் வெயில் நேராக வயிற்றில் விழுந்தது.

தோலுக்கடியில் பச்சை ஓடியது.

பிறகு ஆரஞ்சு.

அவள் கத்தினாள். சத்தம் வரவில்லை. வாயில் எச்சில் இல்லை. கண்ணை மூட முயன்றாள். இமை வழுக்கவில்லை. உரசியது.

அமிர்தராஜ் அதைப் பார்க்கவில்லை. அவன் கண் முழுக்க நீர். பயமா சந்தோஷமா, அவனுக்கே தெரிந்திருக்காது. கட்டில் ஓரம் மண்டியிட்டான். முகத்தை அவள் வயிற்றில் புதைத்துக்கொண்டு விம்மினான்.

"அப்பா வந்துட்டேன் கண்ணு. இன்னும் கொஞ்ச நேரந்தான்."

உள்ளே ஏதோ திரும்பியது. கனமாக. கண்ணீர் விழுந்த பக்கமாக.

முதலில் ஒரு கை. தோலை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு ஐந்து விரலும் விரிந்தன. ஒவ்வொரு விரலும் ஒரு நிறம். பிறகு இன்னொரு கை. இரண்டும் இரு பக்கமாக வந்து அவன் முகத்தை ஏந்திக்கொண்டன.

"அம்மணி, என்னைத் தொடறான்" என்று சிரித்தான். குரல் கரகரத்தது.

எந்திரீங்க. ஏனுங்க, எந்திரீங்க. உதடு மட்டும் அசைந்தது. கையைத் தூக்கி அவன் தலைமுடியைப் பற்றினாள். காய்ந்த புல்லாக விரலோடு வந்துவிட்டது.

அவன் கழுத்து சுருங்கியது. சட்டைக் காலர் பெரிதானது. காது மடல் சருகானது. தோலுக்கடியில் அந்தப் பத்து விரல்களும் சிவந்தன, சிவந்து மேலும் சிவந்தன, அறைச் சுவரெல்லாம் அந்தச் சிவப்பு ஆடியது, அவள் வயிற்றில் கன்னம் பதித்து அமிர்தராஜ் இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தான்.