பச்சை விளக்கு எரியவில்லை

“ஏங்க... அந்த பிளக்கைப் புடுங்குங்க!”

மழைக்காக ஜன்னலுக்கு வெளியே ஒதுங்கி நின்ற யாரோ ஒருவன். அவளுக்குச் சுருக்கென்றது. அந்த பிளக்கில்தான் அப்பாவின் ஆக்ஸிஜன் மெஷின் ஓடுகிறது...

“எங்க அப்பா மூச்சு விடறதே அதுலதான். நீங்க யாரு?”

“சர்ஜ் ப்ரொடெக்டர் மாட்டறது என் வேலைங்க. இடியில கரண்டு எகிறினா, அடியை பிளக் மாட்டியிருக்கற அந்தக் கட்டிலோரப் பெட்டிதான் வாங்கிக்கணும். அதுல பச்சை விளக்கு எரியல பாருங்க... பெட்டி எப்பவோ செத்துப்போச்சு.”

“மெஷின் நல்லாத்தானே ஓடுது?”

“கரண்டு வரும். பாதுகாப்பு இருக்காது.”

அந்தக் கண்கள்... பயமுறுத்த வந்த கண்கள் இல்லை, பயந்துபோன கண்கள். அப்பாவை ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, பிளக்கைப் பிடுங்கினாள். கொஞ்ச நேரத்தில் வானமே பிளந்தது. கூடத்தில் டி.வி. புகைந்தது. மெஷின் பிழைத்தது.

மறுநாள் அவனே புதுப் பெட்டி மாட்டினான். அதன்பிறகு மழை வந்தாலே அவனும் வந்தான், விளக்கு எரிகிறதா என்று பார்க்க! அப்பாவுக்கு அரட்டைக்கு ஆள் கிடைத்தது. அவளுக்குத்தான் நெஞ்சு படபடத்தது. அந்தப் படபடப்பு பிடிக்காமல் ஒருநாள் வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

“விளக்கைப் பார்க்க எங்களுக்கும் கண்ணு இருக்கு. இனிமே வராதீங்க.”

தலையாட்டிவிட்டுப் போனான். அடுத்த மழைக்கு வரவில்லை... அதற்கடுத்த மழைக்கும் வரவில்லை. வராதே என்ற வாயால் வா என்று எப்படிச் சொல்வது?

அன்று மாலை மறுபடி இடி. ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை! அப்பாவை சிலிண்டருக்கு மாற்றினாள். அதிலும் பாதிக்குமேல் தீர்ந்திருந்தது. ரோஷமாவது ஒன்றாவது... போனை எடுத்தாள்.

“விளக்கு அணைஞ்சிடுச்சு... சீக்கிரம் வாங்க, ப்ளீஸ்.”

சொட்டச் சொட்ட வந்தான். பெட்டி முன் குனிந்து, நகத்தால் எதையோ சுரண்டினான். கறுப்பு டேப் துண்டு... அவன் மறந்து வைத்துவிட்டுப்போன டேப். அதற்கு அடியில் பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

இருவரும் திரும்பினார்கள். கட்டிலில் அப்பா, மூக்குக் குழாயோடு, விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா! எனக்கு உயிரே போயிடுச்சு!”

“பின்ன என்னம்மா... மழை வந்தா ஜன்னலையே பார்த்துட்டு நிக்கிறே. எனக்குப் பார்க்க சகிக்கல.”

அவன் எழுந்தான். “அப்ப... நான் கிளம்பட்டுங்களா?”

மழை வலுத்தது. இப்போது விட்டால் போய்விடுவான்...

“டேப் ஒட்டினது அவரு. போன் பண்ணது நான்.” குரல் நடுங்கியது. “விளக்கு எரிஞ்சாலும் வாங்க... மழை இல்லாட்டியும் வாங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

அவன் டேப் துண்டை விரலில் உருட்டிக்கொண்டே நின்றான்.

“அன்னிக்கு ஜன்னல்ல நான் முதல்ல பார்த்தது... விளக்கை இல்லீங்க.”