ஆளெண்ணிப் பாறை

இந்தியாவில் பேய், பிசாசு, மோகினி ஆகியவையும் அவற்றின் கிளை நிறுவனங்களும் கிடையாது என்ற முடிவு 1937-ஆம் வருஷம் மார்ச் மாதம் பன்னிரண்டாம் தேதி மாலை ஐந்தரை மணிக்கு எட்டப்பட்டது. இடம், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி விடுதியின் சாப்பாட்டு அறை. தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் பி.ஏ. இரண்டாம் வருஷ மாணவன் கடற்கரை. ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு இல்லை. ரசம் ஆறுகிறது என்று சமையல்காரர் நல்லக்கண்ணு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அதுவும் ஏகமனதாக ஏற்கப்பட்டது. தீர்மானத்தின் நகல் ஒன்றைக் குற்றால மலைக்கு அனுப்பிவைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கோடைக்கே கடற்கரை வடக்கே போனான். திசையன்விளைச் செம்மணல் தேரிக்காட்டுக்காரனுக்குக் குற்றாலம் வடக்கு. அதற்கு மேலே இருப்பதெல்லாம் பூகோளப் புத்தகம். மலைமேல் முளைக்கிற பெரணிகளையும், மரத்தில் ஒட்டி வளரும் பூச்செடிகளையும் பறித்து, பழைய செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவைத்துத் தர ஆள் வேண்டும் என்று தாவரவியல் பேராசிரியர் ஞானதுரை கேட்டிருந்தார். தங்குவதற்கு, செண்பகாதேவி அருவிக்கும் மேலே யாரோ கைவிட்டுப் போன ஏலக்காய்க் கொட்டகை ஒன்று இருந்தது. சாரல் தொடங்கும்வரை வேலை. கடற்கரை ஒரே மூச்சில் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் தாவரவியல் அல்ல. கல்யாணமாகிப் பத்து மாதம் ஆகியிருந்தது. அவன் விடுதியில், குருவம்மாள் அவன் அம்மாவின் அடுப்படியில். இருவரும் தனியாகப் பேசிய நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால், தென்காசியில் ரயில் ஏறியவன் செங்கோட்டையில் இறங்குகிற நேரம்கூடத் தேறாது.

இருவருக்கும் சுமை தூக்க வந்தவர் செல்லச்சாமி. ஐம்பது வயசு, தலையில் அரிசி மூட்டை, அதன்மேல் பெட்டி, அதற்குக் கீழே ஒரு சொல்லும் வீணாக்காத வாய். காட்டுப்பாதை ஓடையைத் தொடுகிற இடத்தில், இடுப்பளவு உயரமுள்ள ஒரு பாறையருகே அவர் நின்று, கல் ஒன்றை அதன்மேல் வைத்தார்.

"தம்பி, ஆளுக்கு ஒரு கல்லு எடுத்து இதுமேல வைங்க. ஆளெண்ணிப் பாறை."

"எதுக்கு அண்ணாச்சி? மலைக்கு மொய்யா?"

"மேல எத்தன பேரு இருக்கோம்னு மலைக்குத் தெரியணும்லா. எறங்கையில அவங்கவங்க கல்ல அவங்கவங்க எடுத்துட்டுப் போயி, கீழ ஆத்துல போட்டுரணும். கல்லு மிஞ்சினா ஆளு மிஞ்சியிருக்குன்னு அர்த்தம்."

"வருகைப் பதிவேடு" என்றான் கடற்கரை, முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லாமல்.

குருவம்மாள் ஓடையில் இறங்கித் தேடி, கோழிமுட்டை மாதிரி ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து, கழுவி, முந்தானையில் துடைத்து வைத்தாள். கடற்கரை கைக்கு எட்டிய கறுப்புக் கல் ஒன்றைப் போட்டான். பிறகு குனிந்து, தட்டையான சிவப்புக் கல் ஒன்றை எடுத்து, அதையும் பக்கத்தில் வைத்தான்.

"இது யாருக்கு தம்பி?"

"வராதவனுக்கு. எங்க வகுப்புல ஒருத்தன் வரலைன்னா, அவனுக்கு இன்னொருத்தன் குரல மாத்தி ஆஜர் சொல்லுவான். பேராசிரியரே கண்டுபிடிக்கல. மலையா கண்டுபிடிக்கப் போவுது?"

செல்லச்சாமி கையை நீட்டினார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "வச்ச கல்ல வேற கை தொடக்கூடாது. நீங்களே எடுத்துருங்க."

"இருக்கட்டும் அண்ணாச்சி. பாவம், அவனுக்கு வருகை கொறைச்சல்."

செல்லச்சாமி கொட்டகைவரை மேலே நடந்தார். சுமையை இறக்கிவைத்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே தன் கல்லை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

முதல் மூன்று வாரம் அவர்களுடையது. கிணற்றில் வாளி விட்டு மட்டுமே தண்ணீரைக் கண்டிருந்த குருவம்மாள், இடுப்புக்கு மேல் ஓடுகிற தண்ணீரில் நின்று கத்தினாள், பிறகு சிரித்தாள், பிறகு நீந்தினாள். அட்டை கடித்த காலோடு பாறை ஏறினாள். மரக்கிளையில் குதிரை ஏறுவதுபோல் உட்கார்ந்து, அவன் கைக்கு எட்டாத செடிகளை வேரோடு பெயர்த்துப் போட்டாள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதியும் இடமும் பென்சிலால் எழுதினாள். கையெழுத்து அவனுடையதைவிட நன்றாக இருந்தது, அதை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் செய்யாதது ஒன்றே ஒன்று, அவன் பெயரைச் சொல்வது.

"ஒரு தடவ சொல்லுட்டி. இங்கன ஒன் மாமியாவா நிக்கா?"

"சொன்னா ஒங்க ஆயுசு கொறையும்."

"எனக்கு எக்கச்சக்கமா இருக்கு. சொல்லு."

அவள் யோசித்தாள். "உப்புத்தண்ணி முடியுத எடம். போதுமா?"

"இதுக்கு மலையே தேவலை" என்று அவன் பள்ளத்தாக்கின் விளிம்பில் போய் நின்று, கையைக் குவித்து, தன் பெயரைத் தானே கூவினான். கடற்கரை, என்றது எதிர்ச்சரிவு. கடற்கரை, என்றது அதற்கு அப்பால் இருந்த சரிவு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மூன்றாவதாக ஒரு முறை, மெல்லிதாக, ஒரு பாடத்தை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பதுபோல்: கடற்கரை.

"மலைக்கு வெக்கமே இல்ல" என்றாள் குருவம்மாள்.

மறுநாள் காலை தாள்களை மாற்றும்போது ஒன்று இடித்தது. குருவம்மாள் முந்தின நாள் ஆறு செடிதான் வைத்திருந்தாள். அழுத்தும் பலகைக்கு அடியில் ஏழு இருந்தன. ஏழாவது தாளில் தேதி இல்லை, இடம் இல்லை. பெரணி ஒன்று தலைகீழாக, வேர் மேலேயும் இலை கீழேயுமாக, ஒவ்வொரு நரம்பும் கலையாமல் அத்தனை ஒழுங்காக அழுத்தப்பட்டிருந்தது. அவன் அதை எடுத்து முகர்ந்தான். காய்ந்த இலையின் வாசனை இல்லை. பல காலம் வெயில் படாத கல்லைப் புரட்டினால் அடியிலிருந்து வருமே, அந்த வாடை. தூக்கக் கலக்கத்தில் அவளே செய்திருப்பாள் என்று தீர்மானித்தான். முன்மொழிந்தவனும் வழிமொழிந்தவனும் அவனே.

அதற்கு மறுநாள் எட்டு இருந்தன.

வைகாசி முடிகிற சமயம் வானம் தாழ்ந்தது. மத்தியானத்திலேயே மேகம் மரங்களுக்குள் இறங்கி, கொட்டகையின் ஓட்டை உடைசல் வழியாக நுழைந்து, விரித்திருந்த தாள்களை நனைத்தது. மெலிந்து கிடந்த ஓடை தொண்டையைச் செருமத் தொடங்கியது. அந்தச் செருமலுக்கு நடுவே, கொட்டகையின் பின்சுவருக்கு வெளியே, கண்ணாடி வளையல் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் அவனுக்கு அடிக்கடி கேட்டது. குருவம்மாள் அங்கே ஈரத்துணி பிழிகிறாள் என்று நினைப்பான். அவளோ எதிரே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருப்பாள்.

"இந்தாருங்க" என்றாள் ஒரு நாள், சீவுவதை நிறுத்தாமல். "நேத்து மத்தியானம் நான் அசந்து கெடக்கையில, என் மூஞ்சியத் தடவிக்கிட்டே இருந்தீயளே, என்னத்துக்கு?"

"நானா?"

"கண்ணு, மூக்கு, வாயின்னு ஒவ்வொண்ணாத் தொட்டுத் தொட்டுப் பாத்தீய. குருடன் பாக்குத மாதிரி. கையெல்லாம் ஒரே ஈரம். முழிச்சா நிறுத்திருவீயன்னு சும்மா கெடந்தேன்."

நேற்று மத்தியானம் அவன் மேல்சரிவில், மரத்தின்மேல் இருந்தான். அதை அவன் சொல்லவில்லை. அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "சும்மாத்தான்" என்றான். குரல் வேறொருவனுக்காக ஆஜர் சொல்வதுபோல் வந்தது.

அன்று பிற்பகலில் கொட்டகை வாசலில் நின்று பார்த்தான். ஓடைக்கு அக்கரையில் பாறைமேல் குருவம்மாள் உட்கார்ந்து தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளுடைய பச்சைச் சேலைதான். இந்தச் சாரலில் எவள் தலை உலர்த்துவாள் என்று கேலி செய்ய வாயெடுத்தான். கூந்தல் முதுகில் இடுப்புவரை விழுந்து கிடந்தது. அவள் திரும்பினாள். முன்பக்கமும் கூந்தல்தான். முகம் இருக்க வேண்டிய இடத்தில், இடுப்புவரை, கூந்தல்.

"இந்தாருங்க" என்று அவன் முதுகுக்குப் பின்னால், கொட்டகைக்குள்ளிருந்து குருவம்மாள் கேட்டாள். "உப்ப எங்கன வச்சீய?"

அக்கரையில் வெள்ளையாக ஒரு கை எழுந்து, முகத்துக்கு முன்னால் கிடந்த மயிரை ஒதுக்கத் தொடங்கியது. மேகம் வந்து மூடியது.

"உப்பு வேண்டாம். கிளம்பு."

"சோறு கொதிக்குது."

"கொதிக்கட்டும். இப்பவே எறங்குதோம். கேள்வி கேக்காத."

அவன் குரலைக் கேட்டு அவள் கேள்வி கேட்கவில்லை. தாள்கள், பெட்டி, அரிசி எல்லாம் அங்கேயே கிடந்தன. அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். வெளிச்சம் இன்னும் இருந்தது, ஆனால் நாலடிக்கு மேல் அது உதவவில்லை. எல்லாப் பக்கமும் சொட்டுச் சத்தம். எந்த மரமும் முழுசாக இல்லை. இவளை அம்மாவின் அடுப்படியிலேயே விட்டு வந்திருக்கலாம், என்று அவனுக்குள் ஒன்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. இவளை மட்டும் கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும்.

ஓடையை ஒரு இடத்தில் தாண்ட வேண்டும். பாறைக்குப் பாறை தாவ இரண்டு கையும் வேண்டும். கையை விட்டான்.

"பின்னாலயே வா."

"வாரேன். நீங்க பாத்துப் போங்க."

நாலு பாறை. ஐந்தாவது வழுக்கியது, முழங்கால் இடித்தது, எழுந்தான். கரையேறிக் கையைப் பின்னால் நீட்டினான். வெள்ளம் இரைந்தது. மேகம் இன்னும் அடர்ந்து, கையை மணிக்கட்டுவரை விழுங்கியிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, ஒரு கை வந்து அவன் கைக்குள் புகுந்தது. ஈரமாக இருந்தது. ஓடையைத் தாண்டிய கை ஈரமாகத்தானே இருக்கும்.

ஆளெண்ணிப் பாறை முழங்காலில் தட்டியபோதுதான் வந்துவிட்டதே தெரிந்தது. தடவிப் பார்த்துத் தன் கறுப்புக் கல்லை எடுத்துக்கொண்டான். "ஒன் கல்ல எடுத்துக்கோ" என்றான். கல் உரசும் சத்தம் கேட்டது. வளையல் சத்தம் கேட்டது. போதும். இறங்கினான்.

இறங்க இறங்க நாக்கு திரும்பியது. விடுதியில் இதை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தான். மூடுபனியில் ஒளி சிதறுவது பற்றி ஒரு பத்தி, பட்டினி மூளை பற்றி ஒரு பத்தி. சத்தமாகவே சொல்லிக்கொண்டு வந்தான். பின்னால் அவள் ஒன்றும் சொல்லாமல் வந்தாள். பயந்திருப்பாள்.

குற்றாலத்துப் பேரருவி மேகத்துக்குக் கீழே இருந்தது. வருஷத்தின் முதல் தண்ணீர். அதற்குள் மோப்பம் பிடித்து வந்துவிட்ட பத்துப் பேர் தலையில் எண்ணெய் ஒழுக நின்று, கத்திக்கொண்டே தண்ணீருக்குள் புகுந்தார்கள். சீயக்காய் வாசனை. யாரோ யாரையோ திட்டினார்கள். அழகான வசவு. கடற்கரைக்கு அழுகை வந்தது, அதைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டு ஆற்றோரம் நின்றான்.

"போடுட்டி. செல்லச்சாமி அண்ணாச்சி சந்தோசப்படட்டும். மொதல்ல நீ போடு."

அவள் கையை விரித்தாள்.

சிவப்புக் கல்.

அவன் அதையே பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். குருவம்மாளின் கண், குருவம்மாளின் மூக்கு, குருவம்மாளின் வாய். ஒவ்வொன்றும் தொட்டுத் தொட்டுப் பார்த்து வைத்ததுபோல அதனதன் இடத்தில். மழைத்துளி ஒன்று திறந்த கண்ணுக்குள் விழுந்தது. இமைக்கவில்லை.

வாய் திறந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்லிதாக வந்தது.

"கடற்கரை."

குளித்துக்கொண்டிருந்தவர்களில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பெண்டாட்டி புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம்.

அவன் ஓடவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. திரும்பி, வந்த பாதையிலேயே ஏறத் தொடங்கினான். பின்னால் வளையல் சத்தம் ஏறி வந்தது. அவன் நின்றால் நின்றது. நடந்தால் நடந்தது. ஒத்திகை பார்த்த பத்திகள் ஒன்றும் நினைவில் இல்லை.

பாறைமேல் வெள்ளைக் கல் தனியாக இருந்தது. சாரல் அதைக் கழுவியிருந்தது.

மேலே, ஓடைக்கும் அப்பால், மேகத்துக்குள்ளிருந்து ஒரு குரல் இறங்கி வந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கம்மிப்போன குரல்.

"இந்தாருங்க... எங்கன இருக்கீய..."

கடற்கரை மடியிலிருந்து கறுப்புக் கல்லை எடுத்தான். ஓடைத் தண்ணீரில் கழுவினான். வேட்டி நுனியால் துடைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் அதை வெள்ளைக் கல்லின் பக்கத்தில், அது ஆடாதபடி, வைத்தான்.

அவன் தோளுக்கு மேலாக, கன்னத்தை உரசிக்கொண்டு, ஈரமான ஒரு கை நீண்டது. நாலு கண்ணாடி வளையல். சிவப்புக் கல்லை மூன்றாவதாக வைத்தது. வைத்த பிறகும் கை பின்வாங்கவில்லை. மெல்லத் திரும்பி, விரல்கள் விரிந்து, அவன் முகத்தின்மேல் வந்தது. கண்ணைத் தொட்டது. மூக்கைத் தொட்டது. வாயைத் தொட்டது.