ஒரு வாய் காபி

சந்திரமோகன் இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. கோப்பையில் பாதிக் காபிதான் இருந்தது.

ஷம்ஷாபாத் விமான நிலையத்தின் கண்ணாடிச் சுவர் வழியே நண்பகல் வெயில் தரையெல்லாம் கொட்டிக் கிடக்க, பெட்டிகள் உருளும் சத்தத்துக்கும் காபி இயந்திரத்தின் சீறலுக்கும் நடுவே, பக்கத்து நாற்காலியில் அவருடைய பை இருந்தது. பைக்குள் சிவப்புத் துணியால் வாய் கட்டிய மண்கலயம். அதில் பூர்ணா. மாரெட்பள்ளி வீட்டில் முப்பது வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியவள், இப்போது எலும்பும் சாம்பலும். மதுரை வரை விமானம், பிறகு கார், பொழுது சாய்வதற்குள் ராமேஸ்வரம் கடல். கரைத்துவிட்டால் காதில் கேட்கும் அவள் குரல் நின்றுவிடும் என்று நம்பினார்.

மருத்துவமனையில் பதினோரு நாளும் அவள் கேட்டது ஒரு வாய் காபிதான். வாய்வழியாக எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவர் ஈரப் பஞ்சை உதட்டில் வைப்பார், அவள் அதைச் சப்புவாள். பிழைக்கமாட்டாள் என்று தெரிந்த கடைசி நாளிலும் பஞ்சுதான்.

அவள் தம்பி வாசு காலையில் போனில் எச்சரித்திருந்தான். "அத்தான், கரைக்கிற வரைக்கும் அக்கா முன்னாடி திங்கக் குடிக்க எதையும் வச்சிராதீங்க. நக்கோ, வேணவே வேணாம். அப்புறம் போகமாட்டா."

தெரிந்தேதான் வைத்தார். காபி வாசனை வந்ததும் கோப்பையைப் பையின் முன் தள்ளினார்.

இப்போது கோப்பை காலி. விளிம்பில் சாம்பலால் ஓர் உதட்டுத் தடம்.

மதுரைக்குக் கடைசி அழைப்பு. பையைத் தூக்கினார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். நாற்காலிதான் கிறீச்சிட்டது.

"தப்புதான் பூர்ணா. வந்துடு. கடலுக்குப் போயிடலாம்."

தாகம் தீர்ந்தால் வருவாள் என்று ஓடிப்போய் இன்னொன்று வாங்கிவந்தார். காலி. இன்னொன்று. அத்தனையும் யாருக்கு என்று கடைப்பெண் இந்தியில் கேட்டாள். காசை வைத்துவிட்டுக் கோப்பையோடு ஓடினார். ஐந்தாவது கோப்பை. காலி.

திரையில் மதுரை விமானத்தின் வாசல் மூடப்பட்டதாக வந்தது.

பையின் ஜிப்பைத் திறந்தார். சிவப்புத் துணி நனைந்திருந்தது. மேலே எதுவும் சிந்தியிருக்கவில்லை. உள்ளிருந்துதான் ஈரம்.

துணி உள்ளே குழிந்தது. உப்பியது. மறுபடி குழிந்தது.

சப்பும் சத்தம்.