ஹாஜியின் முகவரிக்கு வந்த எச்சரிக்கை

இன்ஷிராஹின் அலுவலகத்துக்குள் இப்திஸாம் நுழைந்தபோது அவள் முக்காட்டிலிருந்த ரத்தம் இன்னும் காயவில்லை.

"என் புருஷனை அடிச்சே கொன்னுடுவானுங்க மேடம்! அன்ஃபூஷி கடற்கரைப் படகுப் பட்டறையில தூணோட கட்டி வச்சிருக்கானுங்க."

வங்கி மோசடிகளைத் துப்பறிந்து பேரெடுத்த இன்ஷிராஹ் போலீசுக்கு ஒரு போன் போட்டுவிட்டு எழுந்தாள். அவளுடைய கார் ஓட்டி ஷவ்கி அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டான். பழைய மல்யுத்தக்காரன், காரை ஓட்டுவதைவிட யாரையாவது நாலு சாத்து சாத்துவதில்தான் அவனுக்கு ஆசை.

வழியில் இப்திஸாம் சொன்னாள். அவள் கணவன் ஸமீஹ், படகுகளைக் கரையேற்றும் விஞ்சு எந்திரங்களைப் பரிசோதிக்கும் கம்பெனியில் இன்ஜினியர். இழுவை வடம் தேய்ந்துவிட்டது, யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று முந்தாநாள் பட்டறைக்கு மெயில் அனுப்பியிருக்கிறான். நேற்று வடம் அறுந்து, பட்டறையின் இளைய முதலாளி ஹிலாலை இரண்டு துண்டாக்கிவிட்டது.

"தம்பி சாகுறதுக்கு முன்னால மெயிலே வரலைங்கிறான் அண்ணன்காரன் ராகிப். எப்பவும் அவன்தான் விஞ்சைப் பிடிப்பான். நேத்து மட்டும் தம்பியை நிறுத்திட்டுச் சுவருக்குப் பின்னால போயிட்டான்."

பட்டறை வாசல் பலகையில், செத்துப்போன அப்பா ஹாஜியின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் புதுச் சாயத்தில் பளபளத்தன. உள்ளே, அடித்து ஓய்ந்த தொழிலாளர்கள் சுற்றி நிற்க, தூணில் கட்டிக்கிடந்த ஸமீஹின் ஒரு கண் மூடிக்கிடந்தது. ராகிபின் கையில் இரும்புக் கம்பி.

"பாருங்க!" என்று ராகிப் போனை நீட்டினான். "தம்பி செத்தப்புறம் பழைய தேதி போட்டு அனுப்பியிருக்கான் திருட்டுப்பய. 'அனுப்பியவரை உறுதி செய்ய முடியவில்லை'ன்னு மெயில் பெட்டியே காறித் துப்புது!"

கம்பி இறங்கியது. ஸமீஹின் முழங்கால் உடைந்த சத்தம் கேட்டது. ஷவ்கி பாய்ந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

இன்ஷிராஹ் போனை வாங்கிப் பார்த்தாள். "இது ஹாஜி முகவரிக்கு எழுதினது. உங்களுக்கு எப்படி வந்தது?"

"அவருக்கு வர்றதெல்லாம் என் பெட்டிக்குத் திருப்பி விட்டிருக்கேன். அப்பா முகவரியை அழிக்க மனசு வருமா?"

"ஆர்டர்கூட அதுலதான் வருமோ?"

"பாதி அதுலதான். பாழாப்போனது, ஸ்பாம்ல போய் விழும். தினம் காலையில காபியோட உக்காந்து ஒண்ணு விடாம நானே பொறுக்கிடுவேன்."

"நேத்து காலையிலயுமா?"

"ஒரு நாள்கூட விட்டதில்லை!"

அவள் போனைத் தொழிலாளர்கள் பக்கம் திருப்பினாள். "ரஷீத் ஊர்க்காரன் ஆர்டர். அதே 'உறுதி செய்ய முடியவில்லை'ங்கிற சிவப்பு வரி. தமியாத்காரன் ஆர்டர், அதே வரி. இந்தப் படகையெல்லாம் நீங்க கட்டிக் காசு வாங்கினீங்களே, இதுவும் பொய்யா?"

தொழிலாளர்கள் போனை எட்டிப் பார்த்தார்கள்.

"மெயில் பெட்டியில இருக்குற காவல்காரன் ரெண்டு சங்கதி பார்ப்பான். முதல்ல, தபால் எந்த வாசல்லேர்ந்து வருதுன்னு. ஸமீஹ் கம்பெனி வாசல்லேர்ந்து வரவேண்டியது, ஹாஜி பெட்டியைச் சுத்திக்கிட்டு வந்தா, போலின்னு கத்துவான். அப்புறம் உறை மேல இருக்குற முத்திரை. ஒரு எழுத்து மாறினாலும் அது உடைஞ்சுடும்." மெயிலின் உள்விவரங்களைத் திறந்து காட்டினாள். "உடையலை. ஹாஜி பெட்டி வாங்கினது, உன் பெட்டி வாங்கினது, ரெண்டுமே முந்தாநாள். அந்த நேரத்தை ஸமீஹ் தொடவே முடியாது. தம்பி உயிரோட இருந்தப்பவே வந்துடுச்சு ராகிப். உங்கப்பா சரியாத்தான் கொண்டுவந்து சேர்த்தாரு. நீ நேத்து காலையில படிச்சுட்டுத் தம்பியை அங்கே நிறுத்தினே."

ராகிபின் முகம் வெளுத்தது. "நான் கட்டின பட்டறையில பாதி அவனுக்கா?" என்று கத்தினான். வாயை விட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

கூட்டம் சுத்தியலும் உளியுமாக அவன் பக்கம் திரும்பியது.

"ஷவ்கி, அவன் முன்னால நில்லு. போலீஸ் வர்றவரைக்கும்."

"இவனுக்காகவா மேடம்?"

"இவனுக்காகத்தான்."

ஷவ்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கொலைகாரனை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு நின்றான். ஒரு சுத்தியல் அவன் தோளைப் பெயர்த்தது; திருப்பி அடிக்கவில்லை. வாழ்க்கையில் அவன் பட்ட பெரிய கஷ்டம் அதுதான்.

தூணருகே இப்திஸாம் பல்லால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஸமீஹ் ரத்தத்தைத் துப்பினான். ஏற்றுமேடைச் சரிவில் பாதி இழுத்தபடியே நின்ற படகைப் பார்த்தான்; அதன் கீழே கூட்டம் முண்டிக்கொண்டிருந்தது.

"அதைப் பிடிச்சிருக்குற இன்னொரு வடமும் தேஞ்சுதான் இருக்கு," என்றான் உடைந்த பற்களுக்கிடையில். "அதையும் எழுதியிருந்தேனே. எல்லாரும் தள்ளி நில்லுங்கடா."

ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. அண்ணாந்து பார்த்துவிட்டு, அவனை அடித்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள்.